தாழம்மையின் ரகசியம்: கதைக்கும் விளையாட்டுக்கும் ஒரு மறைசமயம் கட்டுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் உட்காருவோம். நடுவில் கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தாள்கள், பகடைகள், காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கல். கதை நடத்துவது நான். மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் வாழ்கிற ஆட்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை ஆட்டம்தான், ஆனால் ஊர், சாமி, சண்டை எல்லாம் நாங்களே எழுதியவை.

முதன்முதலில் நான் எழுதிய ரகசிய சமயத்தில் எல்லாம் இருந்தது. நிலவறை, முக்காடு போட்ட பூசாரிகள், மெழுகுவர்த்தி, மறைஞானத்துக்கு அதிபதியான ஒரு கடவுள். நான்காவது வாரம், துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பன் கேட்டான்: "சரிண்ணா, இவங்க அப்படி என்னதான் மறைச்சு வெச்சிருக்காங்க?" என்னிடம் பதில் இல்லை. பூட்டு மட்டும் செய்திருந்தேன், பெட்டிக்குள் எதையும் வைக்கவில்லை. அன்றைய ஆட்டம் அங்கேயே நின்றுபோனது.

அதற்குப் பிறகு முதலில் இருந்து எழுதியதுதான் தாழம்மையின் சமயம். அதைக் கட்டிய வழியை அப்படியே சொல்கிறேன். கதை எழுதுபவர்களுக்கும் உதவும், ஆட்டம் நடத்துபவர்களுக்கும் உதவும்.

முதல் படி: ரகசியத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

கடவுளின் பெயர், சின்னம், உடை எதையும் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இவர்கள் மறைக்கும் விஷயம் என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் சமயம் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இது நாளைக் காலை ஊருக்குத் தெரிந்துவிட்டால் யாருடைய வீட்டில் அடுப்பு எரியாது? "உலகை அழிக்கும் மந்திரம்" என்று எழுதினால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. உலகம் மொத்தமும் போகும் என்றால் யாருக்கும் தனியாக வலிக்காது. "மீன் ஏலக்காரர் வீட்டுச் சொத்து உண்மையில் எதிர்வீட்டுக்காரருடையது" என்றால் உடனே இரண்டு குடும்பம் கண்முன் வந்து நிற்கும்.

எனக்கு விதை கிடைத்தது காசிமேட்டில். ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டே பேசினார். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை அவர்கள் பார் என்பார்கள், மீன் அங்கேதான் தங்கும். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தண்ணீருக்கு மேலிருந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு புகைபோக்கியும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும், பக்கவாட்டில் இன்னும் இரண்டு அடையாளம் அதேபோல ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும், இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார் என்றார். "மச்சானுக்குக்கூட சொல்ல மாட்டோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி வலைக்கண்ணைப் பார்க்கக் குனிந்துகொண்டார். விரல் நிற்கவே இல்லை.

அன்று இரவு எழுதிய வரி இது: "நம் துறைக்கு வெளியே இருக்கும் பார் எல்லாம், நம் முன்னோர் தெரிந்தே மூழ்கடித்த ஓர் ஊரின் வீடுகள்."

இரண்டாம் படி: ஏன் மறைத்தார்கள்?

மறைப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பயம், லாபம், பாசம். பயத்தாலும் லாபத்தாலும் மறைக்கும் கூட்டத்தை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். பாசத்தால் மறைப்பவர்கள்தான் மனதில் நிற்பார்கள். என் கதையில் மூழ்கிய ஊரில் தப்பியவர்களின் வாரிசுகளும், மூழ்கடித்தவர்களின் வாரிசுகளும் இன்று ஒரே தெருவில் இருக்கிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிட்டார்கள். உண்மை வெளியே வந்தால் கல்யாணங்கள் உடையும். அதனால் "தெரிந்தவர் சுமக்கட்டும், தெரியாதவர் தூங்கட்டும்" என்பது அந்தச் சமயத்தின் முதல் வாக்கு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மண்ணில் அறிவை மறைப்பது வெறும் கற்பனை அழகு இல்லை. பிறப்பைக் காட்டி "உனக்கு இது கேட்கக்கூடாது" என்று காது அடைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள், ஆடுவார்கள். உங்கள் சமயம் பிறப்பை வைத்து ஆளைத் தள்ளுகிறது என்றால், அது எவ்வளவு பெரிய காயம் என்று தெரிந்து, அதன் வலியோடு எழுதுங்கள். அலங்காரத்துக்காக அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: கடவுளுக்கும் ஓர் இழப்பு வேண்டும்

மறைஞானக் கடவுள்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும், யாரும் சும்மா பெறவில்லை. வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தில் தலைமைக் கடவுள் ஓடின், மீமிரின் அறிவு ஊற்றில் ஒரு வாய் தண்ணீருக்காக ஒரு கண்ணையே கொடுத்தான், ரூன் எழுத்துகளுக்காக ஒன்பது இரவு மரத்தில் தொங்கினான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ரகசியங்களின் கடவுளாக வளர்ந்த வெக்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் அந்தப் பெயர் ஆட்டத்துக்குள் நுழைந்ததே ஓர் அறுந்த கையாகவும் ஒரு கண்ணாகவும்தான். முழு உருவம் பிறகு வந்தது. ஒரு துண்டை மட்டும் காட்டி முழு ஆளையும் நம்மைத் தேடவைக்கும் அந்த உத்தி இன்றும் வேலை செய்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஹார்ப்பொக்ரடிஸ் கதை. எகிப்தியர்கள் தங்கள் கடவுள் ஹோரஸைக் குழந்தையாகச் செதுக்கும்போது வாயருகே விரல் வைத்துச் செதுக்கினார்கள். அது குழந்தை என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். கிரேக்கர்கள் அதைப் பார்த்து "பேசாதே" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தவறான வாசிப்பிலிருந்து மௌனத்துக்கும் ரகசியத்துக்கும் ஹார்ப்பொக்ரடிஸ் என்று ஒரு கடவுள் கிடைத்துவிட்டார்.

இதைத்தான் தாழம்மைக்கு எடுத்துக்கொண்டேன். தாழ் என்றால் தாழ்ப்பாள். அவள் பெரிய ஏரியின் மதகைக் காவல் காத்தவரின் மகள். வெள்ள இரவில் மேலூர்க்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள மதகைத் திறந்தார்கள். கீழே ஓர் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தியிருந்தால் அந்த ஊர் விழித்திருக்கும். கத்தவில்லை. அதன் பிறகு அவளுக்குக் குரலே வரவில்லை.

அவள் சிலை வாயை உள்ளங்கையால் மூடியபடி இருக்கும். வெளியே இருப்பவர்களுக்கு அது "ஷ்ஷ், தூங்கு" என்று பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் தாய். தூங்காத குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் கிடத்துவார்கள். நடுப்படியில் இருப்பவர்களுக்கு அது "கடல்வழியை யாரிடமும் சொல்லாதே" என்ற ஆணை. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அது அவள் கத்தாத கணம்.

ஒரே அடையாளத்துக்கு மூன்று பொருள் வையுங்கள். இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்றதில் பாதி தானாக நடக்கும். மூன்று பொருளும் பொய்யாக இருக்கக்கூடாது என்பது முக்கியம். மூன்றும் உண்மை, ஆழம்தான் வேறு.

நான்காம் படி: வெளியே தெரியும் முகம்

முழுக்க மறைந்திருக்கும் சமயத்தை யாரும் தேட மாட்டார்கள். கண்ணுக்கு எதிரே இருந்துகொண்டே மறைந்திருக்க வேண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் புற்றுருவான லிங்கம். வருடம் முழுக்கக் கவசம் சாத்தியே இருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் தரிசனம். அந்த மூன்று நாளும் வரிசையில் நின்று பாருங்கள். அங்கே ஒளிவுமறைவே இல்லை, எல்லோருக்கும் தெரிந்த கோயில், எல்லோரும் வரலாம். ஆனாலும் மூடியிருக்கும் ஒன்று வருடம் முழுக்க மனதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பைக் கவனியுங்கள். கோயிலை அப்படியே கதைக்குள் தூக்கிப் போட வேண்டாம். உயிரோடு இருக்கும் வழிபாட்டை எடுத்து வில்லன் கூட்டமாக்குவது தப்பு.

தாழம்மைக்கு நான் வைத்தது தெருமுனையில் ஒரு சின்ன மாடம். கதவு கிடையாது, ஆனால் தாழ்ப்பாள் மட்டும் சுவரில் பதித்திருக்கும். பொருள் தொலைத்தவர்கள் அந்தத் தாழ்ப்பாளில் நூல் கட்டுவார்கள். பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்களும் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளும் கும்பிட்டுவிட்டுப் போகிற சாமி. எங்கள் ஆட்டத்தில் நால்வரும் ஏழு வாரம் அந்த மாடத்தைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

ஐந்தாம் படி: அவர்களுக்கென்று ஒரு பேச்சு

தமிழில் எழுதுபவருக்கு இது பெரிய வரம். மறை என்றால் வேதம், மறை என்றால் ஒளித்துவை. மொழியே நமக்காக வேலையைத் தொடங்கிவைத்திருக்கிறது.

நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறது, ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒன்றுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். சொல்விளம்பியைப் பாருங்கள்! குடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். நல்ல குறிச்சொல் இப்படித்தான் இருக்க வேண்டும். கேட்டால் சாதாரணச் சொல், விஷயம் தெரிந்தால் முழுக்கதை.

சித்தர்களின் பரிபாஷை என்ற மறைமொழியும் இதே வகைதான். பாம்பாட்டிச் சித்தர் ஆடு பாம்பே என்று அழைக்கும்போது அது தெருவில் கூடையிலிருந்து எழும் பாம்பு, தெரிந்தவருக்கு உடலுக்குள் சுருண்டிருக்கும் குண்டலினி சக்தி. ராயபுரம் பக்கம் வாழ்ந்து அடங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனையே மனோன்மணி என்று காதலியாக அழைத்துப் பாடினார். அவர் ஊர் தொண்டிப் பக்கம் என்பதால் தொண்டியார் பேட்டை தண்டையார்பேட்டை ஆனது என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். நான் உட்கார்ந்து எழுதும் இடத்தின் பெயருக்குள்ளேயே இப்படி ஒரு கதை ஒளிந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வாய்ப்பேச்சு மட்டும் போதாது, கைப்பேச்சும் வேண்டும். மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். தாழம்மையின் ஆட்கள் மீன் கூடைக்கு மேல் போட்ட ஈரச் சாக்குக்கு அடியில் கை கோத்துக்கொள்வார்கள்.

சொற்கள் பத்துக்கு மேல் வேண்டாம். என்னிடம் இருப்பவை ஆறுதான். அதில் நன்றாக வேலை செய்தது "வீட்டில் விளக்கு எரியுதா?" என்ற விசாரிப்பு. தெருவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். விஷயம் தெரிந்தவர் "கீழ்வீட்டில் எரியவில்லை" என்பார். கீழ்வீடு என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் வீடு.

ஆறாம் படி: படிகளும் தீட்சையும்

ரோமானியர் காலத்தில் மித்ராஸ் என்ற கடவுளுக்கு நடந்த ரகசிய வழிபாட்டில் ஏழு படிகள் இருந்தன. காக்கையில் தொடங்கித் தந்தையில் முடியும். குகை போலக் கட்டிய சின்ன அறைகளில் கூடினார்கள். அவர்களின் வேதநூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. சுவரிலும் கல்லிலும் இருப்பதை வைத்தும், வெளியாட்கள் எழுதியதை வைத்தும்தான் இவ்வளவும் தெரிகிறது. ஏழு படி அழகுதான், ஆனால் உங்கள் கதைக்கு மூன்று போதும். ஒவ்வொரு படியிலும் புதிதாக ஓர் உண்மை தெரிய வேண்டும். அது இல்லாத படி வெறும் பட்டப்பெயர்.

தீட்சையை எழுத, பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் பக்கம் எலியூசிஸ் என்ற ஊரில் நடந்த ரகசியச் சடங்கைப் பற்றிச் சொல்லும் மூன்று சொற்களை நான் பிடித்துக்கொண்டேன்: சொல்லப்பட்டவை, காட்டப்பட்டவை, செய்யப்பட்டவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் அதில் தீட்சை பெற்றார்கள். விரதம் இருந்தார்கள், வாற்கோதுமை கலந்த ஒரு பானம் குடித்தார்கள் என்பது வரை தெரிகிறது. உள்ளே கடைசியில் என்ன காட்டினார்கள் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. உங்கள் தீட்சையிலும் ஒரு சொல், ஒரு பொருள், ஒரு செயல் இருக்கட்டும். மூன்றும் சின்னதாக, கைக்கு அடங்குவதாக இருக்கட்டும்.

தாழம்மையின் நடுப்படித் தீட்சை இது. விடியலுக்கு முன் படகில் கூட்டிப்போவார்கள். படகை ஓட்டும் கிழவி பேச மாட்டாள். கரையில் இரண்டு விளக்கு ஒன்றன் பின் ஒன்றாக வந்ததும் துடுப்பை நிறுத்துவாள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் புதியவர் கையில் கொடுப்பாள், இறக்கச் சைகை காட்டுவாள். கயிறு முழம் முழமாக ஓடும், ஈரம் உள்ளங்கையை அறுக்கும், திடீரென்று தளரும். அடியில் தொட்டுவிட்டது. இப்போது புதியவர் தன்னிடம் இருக்கும் ஒரு பூட்டின் சாவியைக் கடலில் போட வேண்டும். எந்தப் பூட்டு என்பது அவர் இஷ்டம்.

இதை ஆடியபோது எங்கள் தெருவில் கரண்ட் போயிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒருத்தி தன் கதாபாத்திரத்தின் தாய்வீட்டுச் சாவியைப் போடுவதாகச் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை.

ஏழாம் படி: சத்தியம்

சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று பலரும் "மரண தண்டனை" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஏதென்ஸில் அது நிஜமாகவே நடந்தது. கிமு 415இல் ஏதென்ஸ் தளபதி அல்கிபியாடிஸ் எலியூசிஸ் சடங்கை வீட்டில் நடித்துக் காட்டினான் என்று குற்றம் சாட்டி, அவன் இல்லாதபோதே மரண தண்டனை விதித்து, சொத்தைப் பறித்து ஏலம் போட்டார்கள். ஆனால் கதைக்கு இதைவிட ஆழமான தண்டனை பெரியபுராணத்தில் இருக்கிறது, அதுவும் திருவொற்றியூரில்.

சங்கிலியாரை மணக்கும்போது "உன்னைப் பிரியேன்" என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூரை விட்டு அவரால் எப்போதும் இருக்க முடியாது. அதனால் சிவனிடம் தனியாக ஒரு வேண்டுதல்: சத்தியம் செய்யும் நேரத்தில் நீ கருவறையில் இருக்காதே, மகிழ மரத்தடிக்குப் போய்விடு. சிவனும் சரி என்றார். ஆனால் சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார், பிறகு ஆரூர் நினைப்பில் எல்லையைத் தாண்டினார், கண் போனது.

இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! சத்தியத்துக்கு ஓர் இடம் உண்டு. ரகசியத்தை இரண்டு பக்கமும் அறிந்த ஒரு சாட்சி உண்டு. தண்டனை எங்கிருந்தோ வரவில்லை, எல்லைக்கோட்டைத் தாண்டிய காலடியிலேயே வருகிறது. உங்கள் சமயத்தின் சத்தியத்துக்கும் இடம், சாட்சி, எல்லை மூன்றையும் எழுதிவையுங்கள். தாழம்மையின் சத்தியத்தை மீறியவருக்கு யாரும் கத்தி எடுத்து வர மாட்டார்கள். அவர் கத்தும்போது மட்டும் குரல் வராது. சாதாரணமாகப் பேசலாம், பாடலாம். யாரையாவது எச்சரிக்க வாயெடுத்தால் காற்றுதான் வரும்.

எட்டாம் படி: உள்ளே ஒரு விரிசல்

எண்ணெய் யார் வாங்குவது, மாடத்தை யார் பெருக்குவது, படகுக்கு டீசல் காசு யார் கொடுப்பது என்பதை நான்கு வரியில் எழுதிவிடுங்கள், போதும். நேரத்தை விரிசலில் செலவிடுங்கள்.

துரோகி எளிது, காசுக்கு விற்பவன். கஷ்டமானவர், நல்லதற்காக உடைப்பவர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்துபோய் மந்திரப் பொருளைப் பெற்ற இராமானுசர், அதைக் கோயிலின் மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது வைணவ மரபு. சொன்னால் உனக்கு நரகம் என்றபோது, இவ்வளவு பேர் கரையேறினால் நான் ஒருவன் போவதில் என்ன என்றாராம். கடைசியில் குருவே அவரை அணைத்துக்கொண்டார்.

உங்கள் சமயத்துக்குள்ளும் அப்படி ஒருவரை வையுங்கள், அவர் சொல்வதில் நியாயம் முழுசாக இருக்கட்டும். என் கதையில் அது படகோட்டும் கிழவியின் பேத்தி. "செத்தவங்க பேரையாவது சொல்ல வேண்டாமா பாட்டி? அவங்களுக்கு ஒரு திதிகூட யாரும் கொடுக்கலையே?" என்று கேட்கிறாள். எழுதிய எனக்கே இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் அந்தக் கேள்வியை விட்டுவைத்தேன்.

ஒன்பதாம் படி: மேசையில் எப்படித் திறப்பது

ஒவ்வொரு ரகசியத்துக்கும் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள், மூன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு வகையில். ஒன்றைக் கவனிக்காமல் போவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது சிக்கும். பார்களின் உண்மைக்கு நான் வைத்தவை: வரைபடத்தில் பார்கள் எல்லாம் தெருக்கள் போல நேர்வரிசையில் இருப்பது, ஊரின் பழைய தாலாட்டில் யாருக்கும் தெரியாத ஒரு தெருப்பெயர் வருவது, வலையில் அடிக்கடி சிக்கும் சதுரக் கற்கள். தாலாட்டை நானே மெட்டுப் போட்டு இரண்டு வாரம் சும்மா முணுமுணுத்தேன். ஆட்டத்துக்கு வெளியே, டீ குடிக்கும்போது, நண்பன் ஒருவன் அதைத் தானாகப் பாடிக்கொண்டிருந்தான்.

தீட்சை தருபவர் வாயால் முழு உண்மையையும் சொல்ல வைக்காதீர்கள். பொருளைக் கையில் கொடுங்கள், வாக்கியத்தை அவர்களே முடிக்கட்டும். பன்னிரண்டாம் வாரம் அவர்கள் தாங்களாகவே படகெடுத்து அந்த இடத்துக்குப் போனார்கள். கயிற்றில் ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கொக்கி கட்டி இறக்கினார்கள். மேலே வந்தது பாசி பிடித்த ஒரு தாழ்ப்பாள். எங்கள் பழைய வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய நிஜத் தாழ்ப்பாளையே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். கேரம் போர்டின் நடுவில் வைத்தேன், துருத்தண்ணீர் தாளில் பரவியது.

முன்பு "என்னதான் மறைச்சு வெச்சிருக்காங்க" என்று கேட்ட அதே நண்பன் அதை எடுத்து, இழுத்து, தள்ளிப் பார்த்தான். "இது வெளிப்பக்கம் போட்ட தாழ்ப்பாள்ணா" என்றான். அதை நான் யோசித்தே வைக்கவில்லை. ஊரை மூழ்கடித்ததோடு இல்லை, கதவையும் வெளியே பூட்டியிருக்கிறார்கள் என்று அவன் புரிந்துகொண்டான். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியையும் சமயத்தின் ரகசியத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டேன். உங்கள் மேசையிலும் இப்படி நடந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது நால்வரும் இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். இருவர் பேத்தியோடு சேர்ந்து ஊருக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள், இருவர் சத்தியத்தைக் காக்க வேண்டும் என்கிறார்கள். வரும் ஞாயிறு கதையில் தாழம்மையின் திருநாள், மாடத்தின் துணியை எடுத்துச் சிலையின் முகத்தைக் காட்டும் நாள். ஊர் முழுக்க அங்கே கூடும்.